நூம்பல் பாசஞ்சர்

நூம்பலுக்கு ரயில் கிடையாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி அருகே உள்ளே திரும்பி வர வேண்டிய ஊர் இது. வடக்கே அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என்று ஸ்டேஷன்கள் வரிசையாக இருக்கின்றன. எதற்குப் போவதென்றாலும் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், என் வீட்டு மாடியறையில், பிளைவுட் பலகைமேல் ஒரு பாசஞ்சர் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. எச்.ஓ. என்று உலகம் முழுக்கச் சொல்லும் அளவு.

பார்க்க வருகிறவர்கள் பெரியவர், சிறியவர் பேதமில்லாமல் கேட்பது ஒன்றுதான். “இதைவிட ஃபாஸ்ட்டாப் போகாதா?”

தாராளமாகப் போகும். இன்றைக்கு விற்கும் மாடல் என்ஜின்கள் பலவும் முழு மின்சாரம் கொடுத்தால் நிஜத்தில் மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் வரும் வேகத்தில் பறக்கும். நான் அப்படி ஓட்டுவதில்லை. வீட்டுக்குள் போட்ட தண்டவாளத்தில் வண்டி எவ்வளவு வேகம் போக வேண்டும் என்பது எனக்கு விளையாட்டுச் சங்கதி இல்லை. அதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது வந்த வழியைச் சொல்ல, அயனாவரத்து நாட்களுக்குப் போக வேண்டும்.

அப்பாவுக்கு ஐ.சி.எஃப்.பில் வேலை. 1955 அக்டோபர் 2ஆம் தேதி நேரு திறந்துவைத்த அந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையைச் சுற்றித்தான் எங்கள் தெரு, கடை, பள்ளிக்கூடம் எல்லாமே இருந்தன. காலையில் சங்கு ஊதினால் சைக்கிள் கூட்டம் தெருவை நிறைத்துவிடும். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனம் கொடுத்த வடிவத்தில் அங்கே உருவான பெட்டிகள்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியாவைச் சுமந்தன. அப்பா ரயிலைப் பார்க்கிற விதமே வேறு. மற்றவர்கள் என்ஜினைப் பார்ப்பார்கள். அவர் பெட்டியின் ஆட்டத்தைப் பார்ப்பார். வில்லிவாக்கம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒரு வண்டி கடந்தால், “மூணாவது பெட்டி ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, பாரு” என்பார். எனக்கு எதுவும் தெரியாது. தலையை மட்டும் ஆட்டுவேன்.

அன்றைய ரயில்களுக்கு அவசரம் கிடையாது. 1964இல் விட்ட பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் போன்ற சில வண்டிகளைத்தான் ஊரார் வேகமான வண்டி என்று மரியாதையோடு சொல்வார்கள். மற்றபடி அரக்கோணம் பாசஞ்சர், ஜோலார்பேட்டை பாசஞ்சர் என்று எல்லாம் நின்று, பெருமூச்சு விட்டு, தண்ணீர் பிடித்து, மறுபடி கிளம்பும். குண்டு மூக்கு வைத்த டபிள்யூ.பி. நீராவி என்ஜின்கள் அப்போது இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரை மின்சாரக் கம்பி வந்ததே 1979இல்தான்.

வேகத்தை அளக்க அப்பா ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். பிராட் கேஜ் தண்டவாளத்தின் ஒரு துண்டு 13 மீட்டர் நீளம். இரண்டு துண்டு சேரும் இடத்தில் ஃபிஷ் பிளேட் போட்டு, வெயிலில் இரும்பு நீள இடம் வேண்டும் என்று கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போதுதான் ‘தடக் தடக்’ கேட்கும். 47 விநாடிக்குள் எத்தனை ‘தடக் தடக்’ எண்ணுகிறோமோ, வண்டி மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 13ஐ 3.6ஆல் பெருக்கினால் 46.8. கணக்கு அவ்வளவுதான். மாயவரம் பக்கம் அம்மாவின் ஊருக்குப் போகும்போது மீட்டர் கேஜ். அங்கே தண்டவாளத் துண்டு 12 மீட்டர், அதனால் 43 விநாடி. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து “ஆரம்பி” என்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன். பெரும்பாலும் ஐம்பதுக்குப் பக்கத்தில்தான் வரும். எழுபது வந்துவிட்டால் எங்கள் இருவருக்கும் பெருமை தாங்காது, ஏதோ நாங்களே ஓட்டியது போல.

அந்தச் சத்தம் இப்போது பெரிய பாதைகளில் கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டது. தண்டவாளங்களை நீளமாக வெல்டு செய்துவிடுகிறார்கள். பயணத்துக்கு அது நல்லது. பெட்டிக்கும் நல்லது, பாதையும் நீடிக்கும். ஆனால் காதால் வேகம் அளந்த ஒரு தலைமுறையோடு அந்தக் கணக்கும் போய்விட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு வேகத்தைச் செல்போன் சொல்கிறது.

என் முதல் ரயில் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. சாவி கொடுக்கிற தகர வண்டி, வட்டமாகக் கோக்கும் தகரத் தண்டவாளம். சென்ட்ரலை ஒட்டி இருந்த அந்தச் சந்தை 1985 மே மாதம் தீயில் போனது. அந்த இடத்தில் எழுந்த புறநகர் நிலையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே பெயர். ஆவடி லோக்கல் கிளம்புவது அங்கிருந்துதான். நான் பொம்மை ரயில் வாங்கிய மண்ணிலிருந்து நிஜ ரயில்கள் புறப்படுகின்றன. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சாவி வண்டிக்கு ஒரு குணம் உண்டு. சுருள்வில் முழுதாக முறுகியிருக்கும்போது விசை அதிகம். வண்டி வெறிபிடித்த மாதிரி ஓடி வளைவில் கவிழும். வில் அவிழ அவிழ விசை குறையும். கடைசி இரண்டு மூன்று சுற்று மட்டும் நிதானமாக வந்து, முனகி, நின்றுபோகும். தெருப் பையன்கள் முதல் சுற்றுக்குக் கை தட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு கடைசிச் சுற்றுக்குக் காத்திருப்பேன். அந்தச் சில விநாடிதான் அது ரயில். அதுவரை வெறும் தகரம்.

பிறகு வெளிநாட்டில் இருந்த மாமா ஒரு மின்சார ரயில் கொண்டுவந்தார். 12 வோல்ட். கறுப்புப் பெட்டியில் ஒரு குமிழ். திருகினால் வேகம். சொல்லும்போது எளிதாக இருந்தது. ஆனால் குமிழைப் பாதி வரை திருப்பினாலும் வண்டி அசையாது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் துள்ளிப் பாயும். அந்தக் காலத்து மின்தடைக் குமிழ்களின் இயல்பு அது. மோட்டார் நின்றிருக்கும்போது அதிக மின்சாரம் இழுக்கும். அப்போது அழுத்தத்தில் பெரும் பங்கைக் குமிழுக்குள் இருக்கும் தடையே தின்றுவிடும். மோட்டார் சுழலத் தொடங்கியதும் இழுப்பு குறையும், தடையில் விழும் அழுத்தமும் குறையும், மிச்சம் முழுக்க மோட்டாருக்குப் போய்ச் சேரும். ஆகவே கிளம்பும்போது பாய்ச்சல். மோட்டாருக்குள் இருந்ததும் மூன்று துருவச் சுருள். மெதுவாகச் சுழன்றால் விக்கி விக்கித்தான் ஓடும். அன்றைக்கு வீட்டு ரயில் வேகமாக ஓடியதற்குக் காரணம் ஆசை மட்டுமில்லை. மெதுவாக ஓட அதற்குத் தெரியாது.

இப்போது யோசித்தால் வேடிக்கையான முரண் தெரிகிறது. வெளியே நிஜ ரயில் ஐம்பது கிலோமீட்டரில் ஊர்ந்த காலத்தில் வீட்டு ரயில் தலைதெறிக்க ஓடியது. இன்று சென்னை – அரக்கோணம் பாதையில் 130 கி.மீ. வரை அனுமதி. அப்பா வேலை செய்த அதே ஐ.சி.எஃப்., பழைய வடிவப் பெட்டியைச் செய்வதை 2018 ஜனவரியோடு நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் டிரெயின் 18 வெளியே வந்தது. வந்தே பாரத் என்று நாடு முழுக்க ஓடுவது அதன் வம்சம்தான். 2022 நவம்பரில் தொடங்கிய மைசூர் வந்தே பாரத் அம்பத்தூரையும் ஆவடியையும் தாண்டிப் போகும்போது பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்கிறார்கள். இத்தனை வேகம் வெளியே வந்த பிறகுதான் என் மாடியறையில் ரயில் மெதுவாக ஓடக் கற்றுக்கொண்டது.

கற்றுக்கொடுத்தது டி.சி.சி. என்ற எண்முறைக் கட்டுப்பாடு. ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடித்தளமாக வைத்து, 1935இலிருந்து இயங்கும் அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. தொண்ணூறுகளில் பொதுத் தரமாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். என்ஜினுக்குள் இருக்கும் சின்னச் சில்லு தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு மோட்டாரைத் திருப்பும். வேகத்தை 128 படிகளாகப் பிரிக்கலாம். சில்லில் மாற்றக்கூடிய அமைப்புகளுக்கு சி.வி. என்று பெயர். சி.வி. 3இல் எண் மாற்றினால் வண்டி மெல்ல வேகம் பிடிக்கும். சி.வி. 4இல் மாற்றினால் மெல்ல நிற்கும். சி.வி. 5 உச்ச வேகம். அதைக் குறைத்துவைத்துவிட்டால் யார் குமிழை எவ்வளவு திருகினாலும் வண்டி அந்த எல்லையைத் தாண்டாது. குழந்தைகள் வரும் வீட்டில் இதைவிட நல்ல காவல் கிடையாது.

சரி, எவ்வளவு வேகம்? முதலில் அளக்க வேண்டும். தண்டவாளத்தின் ஓரம் ஒரு மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள். என்ஜின் மூக்கு ஒரு முனையைத் தொட்டதும் செல்போனில் ஸ்டாப்வாட்ச். 313ஐ அந்த விநாடியால் வகுத்தால் எச்.ஓ. வண்டியின் நிஜ அளவு வேகம் கிடைக்கும். ஐந்து விநாடி என்றால் 63 கி.மீ. மூன்று விநாடி சொச்சம் என்றால் நூறு. இங்கிலாந்தில் புழங்கும் ஓ.ஓ. அளவு வைத்திருப்பவர்கள் 313க்குப் பதில் 274 போடலாம். 160இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவுக்கு 576. அப்பாவின் 47 விநாடிக் கணக்கும் இதுவும் ஒரே குடும்பம். அவர் இருந்திருந்தால் இதை ரசித்திருப்பார்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். “என் வண்டி சரியா நூறு கிலோமீட்டர் வேகம், நிஜத்துல எக்ஸ்பிரஸ் நூறு போகுதே, அப்புறம் என்ன?” என்பது அவர்கள் வாதம். இதோடு நான் ஒத்துப்போவதில்லை. வண்டியை 87 மடங்கு சுருக்கினோம், சரி. ஊரை எவ்வளவு சுருக்கினோம்? ஆவடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 21 கி.மீ. அதே விகிதத்தில் போட்டால் 240 மீட்டர் தண்டவாளம் வேண்டும். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் இரண்டு கி.மீ. என்று வைத்தாலே 23 மீட்டர். என்னிடம் இருக்கும் நேர்பாதை மூன்று மீட்டர். ஆவடி லோக்கலின் பன்னிரண்டு பெட்டியை அளவு மாறாமல் கோத்தால் அந்த மூன்று மீட்டரையும் அதுவே அடைத்துக்கொண்டு நிற்கும், நகர இடமிருக்காது.

ஆக நாம் எல்லோரும் திருட்டுத்தனமாகச் சுருக்குகிறோம். இருபத்துநாலு பெட்டி எக்ஸ்பிரஸை ஐந்து பெட்டியாக்குகிறோம். நிஜத்தில் அந்த வண்டி நூறு கி.மீ. வேகத்தில் லெவல் கிராஸிங்கைக் கடக்க இருபது விநாடி ஆகும். மூடிய கேட்டுக்கு முன்னால் சைக்கிளைச் சாய்த்து நின்றவர்களுக்கு அந்த இருபது விநாடி தெரியும். காற்று முகத்தில் அடிக்கும், பெட்டிப் பெட்டியாகக் கடக்கும், கடைசிப் பெட்டியின் பின்னால் ‘எக்ஸ்’ குறி தெரியும், அப்புறம்தான் மூச்சு விடுவோம். ஐந்து பெட்டி மாடல் அதே கணக்கு வேகத்தில் போனால் ஐந்து விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வேகம் சரி, அனுபவம் தப்பு. கண்ணுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் கணக்கு சொல்வதில் பாதியாவது குறைக்க வேண்டும்.

வளைவு இதைவிடக் கறாரானது. இந்திய ரயில்வேயில் பிராட் கேஜ் வளைவு மிகக் கூர்மையானது என்றால் 175 மீட்டர் ஆரம். எச்.ஓ.வில் அது இரண்டு மீட்டர். வண்டி அரைவட்டம் திரும்பவே நாலு மீட்டர் அகல அறை வேண்டும். என் வளைவு 60 சென்டிமீட்டர். நிஜத்தில் 52 மீட்டர் ஆரத்துக்குச் சமம். அப்படியொரு வளைவில், உயரம் ஏற்றாத தண்டவாளத்தில், ரயில்வே பொறியாளர்களின் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் 17 கி.மீ. வேகத்துக்குத்தான் அனுமதி வரும். வீட்டுத் தளத்தில் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். ஆனால் நேர்பாதை வேகத்திலேயே அந்த வளைவில் நீளப் பெட்டிகள் வளைந்து திரும்புவதைப் பார்த்தால் பெட்டி செய்த வீட்டுப் பிள்ளையான எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அப்பா பார்த்த அந்த ஆட்டம் இருக்கிறதே, அது மாடலில் தப்பாக வரும். பொருளை எவ்வளவு சுருக்கினாலும் புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. நீளம் 87 மடங்கு குறைந்தால் ஆடும் வேகம் ஒன்பது மடங்குக்கு மேல் கூடும். நிஜப் பெட்டி கனமாக, மெல்லச் சாய்ந்து நிமிரும். சின்னப் பெட்டி வெடுக் வெடுக்கென்று நடுங்கும். வேகமாக ஓட்டினால் அந்த நடுக்கம் பளிச்சென்று தெரிந்து நாற்பது டன் பெட்டி பிளாஸ்டிக் டப்பாவாகிவிடும். மெதுவாக ஓட்டினால் நடுக்கம் அடங்கும். எடை இருப்பதாகக் கண் நம்பும்.

காது விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. நாங்கள் எண்ணிய ‘தடக் தடக்’ மாடலில் இல்லையே என்று ஒரு குறை இருந்தது. 13 மீட்டரை 87ஆல் வகுத்தால் 15 சென்டிமீட்டர். நேர்பாதையில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, தண்டவாளத்தின் தலையில் மெல்லிய ரம்பத்தால் முடியளவு கீறல் போட்டேன். சக்கரம் அதைத் தாண்டும்போது சின்னதாக ஒரு சத்தம் வருகிறது. மணிக்கு ஐம்பது கி.மீ. கணக்கில் ஓட்டினால் விநாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல். நிஜத்தில் ஐம்பது கி.மீ. வேகத்தில் போன பாசஞ்சரிலும் விநாடிக்கு அதே அளவுதான். வண்டியைச் சுருக்கினோம், பாதையைச் சுருக்கினோம், ஆனால் கடிகாரத்தைச் சுருக்கவில்லை. அதனால் அந்தத் தாளம் மட்டும் ஒரு துளி மாறாமல் முழு அளவில் வந்து சேர்கிறது. கண்ணை மூடினால் மாயவரம் போகும் வண்டியின் ஜன்னலோரம். எச்.ஓ., டி.சி.சி. எல்லாம் மறந்துபோகும். நூறில் ஓட்டினால் இந்தத் தாளம் இரட்டிப்பாகி இரைச்சலாகிவிடுகிறது. ஐம்பதுதான் என் வண்டிக்குச் சரியான வேகம் என்று முடிவு செய்தது என் காது.

என் அறையின் சட்டம் இதுதான். எக்ஸ்பிரஸ் ஐம்பதைத் தாண்டாது, அதாவது மீட்டருக்கு ஆறு விநாடிக்குக் குறையாது. லோக்கல் நாற்பது. சரக்கு வண்டி இருபத்தைந்து. யார்டில் பெட்டி மாற்றும்போது பத்துக்குக் கீழே. அப்போது ஒரு மீட்டரைக் கடக்க அரை நிமிஷம் ஆகும். பார்ப்பவர்கள் பொறுமை இழப்பார்கள். இழக்கட்டும்.

இன்னொன்று. மெதுவாக ஓட்டுவது சோம்பேறியின் வழி இல்லை. வேகமாகப் போகும் என்ஜின் அழுக்கையும் தளர்ந்த இணைப்பையும் தன் உந்தத்திலேயே தாண்டிப் போய்விடும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு குறையும் வெளியே வரும். பாதை பிரியும் பாயிண்டில், தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராஸிங்கில் மின்சாரம் இல்லாத இடம் ஒரு விரற்கடை இருந்தால் போதும், சின்ன என்ஜின் அங்கேயே நின்றுவிடும். ஃபிஷ் பிளேட்டை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாகக் கம்பி பற்றவைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எப்போதும் எங்காவது வீடு கட்டுகிறார்கள், தூசிக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி வந்தால் ஈரம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் தண்டவாளத்தைத் துடைத்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். சித்திரையில் மாடியறைச் சூட்டுக்கு நிக்கல் சில்வர் தண்டவாளம் மூன்று மீட்டருக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடைவெளி விடவில்லையென்றால் பாதை பக்கவாட்டில் பிதுங்கும். நிஜ ரயில்வேக்காரர்கள் படும் பாடுதான், அளவு மட்டும் சின்னது.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் அடிக்கடி வருவான். ஆறாம் வகுப்பு. முதல் நாள் அவன் கையில் குமிழைக் கொடுத்து, சி.வி. 5 கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். ஆசை தீர ஓட்டினான். இரண்டு சுற்றில் பெட்டிகள் வளைவில் சரிந்தன. எடுத்துவைத்தோம். மறுபடியும் ஓட்டினான். சீக்கிரமே சலித்துப் போய், “அவ்ளோதானா அங்கிள்?” என்றான். வேகத்துக்கு ஆயுசு அவ்வளவுதான்.

அடுத்த முறை வந்தபோது அவனிடம் ஒரு தாள் கொடுத்தேன். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என்று ஸ்டேஷன் பெயர்கள். ஒவ்வொன்றிலும் முப்பது விநாடி நிறுத்தம். என்னிடம் இருப்பது இரண்டே பிளாட்பாரம். அதையே மாறி மாறி அடுத்த ஸ்டேஷனாக வைத்துக்கொள்ள வேண்டும்.

“அங்கிள், பிளாட்பாரத்த தாண்டிப் போயிடுச்சு.”

“அப்ப லேடீஸ் கோச்சு வெளிய நிக்குதுப்பா. அவங்க எப்படி எறங்குவாங்க?”

அவன் முகம் மாறிவிட்டது. அவன் அம்மா ஆவடியிலிருந்து லோக்கலில் வேலைக்குப் போகிறவர். அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு முழம் முன்னாலேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்கினான். நாக்கைக் கடித்துக்கொண்டு, குமிழை ஒவ்வொரு படியாகத் தணித்து, கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்துக்குள் வரும்படி நிறுத்திவிட்டு, வாய்விட்டு முப்பது எண்ணினான். ஆவடி போய்ச் சேர்வதற்குள் கீழேயிருந்து அவனை இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தைகூட ‘ஃபாஸ்ட்டா’ என்று கேட்கவில்லை. நிஜ எக்ஸ்பிரஸ் நூறு கி.மீ. வேகத்திலிருந்து நிற்க அறுநூறு மீட்டர் ஆகும் என்று வைத்தாலும், எச்.ஓ.வில் அது ஏழு மீட்டர், இந்த அறைக்குள் அடங்காது என்று சொன்னேன். “அதான் டிரைவருங்க முன்னாடியே பிரேக் போடுறாங்களா?” என்று கேட்டான். அவன் ரயிலைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

சென்ட்ரலுக்குப் போகும் திசையில் அவனுக்கு இன்னொரு பாடம் வைத்திருக்கிறேன். மேற்கிலிருந்து வரும் எந்த வண்டியில் வந்தவர்களுக்கும் தெரியும், ஊருக்குள் வந்து, பெட்டியெல்லாம் இறக்கிக் கதவருகே அடுக்கி, செருப்பு மாட்டி நின்ற பிறகு, பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிடும். சிக்னல் கிடைக்காது. என் பலகையிலும் ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு அவுட்டர் சிக்னல் உண்டு. சில நாள் அது ஒரு நிமிஷம் சிவப்பிலேயே இருக்கும். அந்த ஒரு நிமிஷம் பலகைமேல் எதுவும் அசையாது. அப்போதுதான் பார்க்க வந்தவர்கள் குனிந்து மற்றதையெல்லாம் பார்க்கிறார்கள். கேட் கீப்பர் குடிசை, தண்ணீர்த் தொட்டி, கருஞ்சிவப்புப் பெட்டியின் ஜன்னல் கம்பி. எத்தனையோ ராத்திரி உட்கார்ந்து செய்த இந்த வேலைகளை ஓடும் ரயில் மறைத்துவிடுகிறது. நிற்கும் ரயில்தான் காட்டிக்கொடுக்கிறது.

பெரிய இடம் இருப்பவர்களுக்கு என் சட்டம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புனேயில் கோத்ரூட் பகுதியில் பாவு ஜோஷி என்ற ஆர்வலரின் வாழ்நாள் உழைப்பாக உருவாகி, 1998 ஏப்ரல் 1 முதல் மக்களுக்குத் திறந்திருக்கும் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2001இல் தொடங்கிய மினியாட்டூர் வுண்டர்லாண்ட் அதைவிடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு நீளப் பாதையில், நீள வண்டியை நூறில் ஓடவிட்டாலும் அழகுதான். அங்கே போக இடமிருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில், நூம்பலில், அது எடுபடாது.

நம் ஊரிலேயே பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கம் புதிய ஆவடி சாலையில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய என்ஜின்கள், பெட்டிகள், மாடல்கள் எல்லாம் பார்க்கலாம். மாடல் ரயில் வாங்கித் தரச் சொல்லிக் குழந்தை அடம்பிடித்தால் முதலில் அங்கே கூட்டிப் போங்கள். ஒரு நிஜச் சக்கரத்தின் பக்கத்தில் நிற்கவையுங்கள். அது எவ்வளவு கனம் என்று தொட்டுப் பார்க்கட்டும். திரும்பும்போது வில்லிவாக்கத்திலோ அம்பத்தூரிலோ பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, லோக்கல் எப்படி வேகம் குறைத்து வந்து நிற்கிறது, எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ரயில் வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே வீட்டில் தண்டவாளம் போட்டிருப்பவர்கள் இன்று ராத்திரியே ஒரு மீட்டர் அளந்து டேப் ஒட்டுங்கள். உங்கள் வண்டி அதை ஆறு விநாடிக்குள் தாண்டினால், குமிழைக் கொஞ்சம் பின்னால் திருப்புங்கள்.